ரயிலை முதலில் பாருங்கள், பாஸை அப்புறம் வாங்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் நாளிதழ்களின் பயணப் பக்கங்களில் ஐரோப்பிய ரயில் பயணம் பற்றிய கட்டுரைகள் வருகின்றன. அவற்றில் தவறாமல் இடம்பெறும் ஒரு செய்தி, யூரெயில் பாஸ் ஒன்று இருந்தால் 33 நாடுகளில் எந்த ரயிலிலும் ஏறிக்கொள்ளலாம் என்பது. பல ஆண்டுச் சேமிப்பைப் போட்டுக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் இதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். பாரிஸ் நடைமேடைக்குப் போன பிறகுதான் பாஸ் மட்டும் போதாது என்று தெரிகிறது. அதைத் திருத்தவே இந்தக் கடிதம்.

நம் ஊர் எக்ஸ்பிரஸ் ரயில்களில் டிக்கெட்டும் ரிசர்வேஷனும் ஒரே சீட்டில் வந்துவிடும். ஐரோப்பாவில் இரண்டும் பெரும்பாலும் வேறு வேறு. ஜெர்மனியின் ஐசிஇ, ஆஸ்திரியாவின் ரெயில்ஜெட், சுவிட்சர்லாந்து, பெல்ஜியம், நெதர்லாந்து நாடுகளின் உள்நாட்டு ரயில்கள் ஆகியவற்றில் டிக்கெட்டோ பாஸோ இருந்தால் ஏறி, காலியாக இருக்கும் இடத்தில் உட்காரலாம், ரிசர்வேஷன் விருப்பம்தான். பிரான்ஸின் டிஜிவி, லண்டன் போகும் யூரோஸ்டார், இத்தாலியின் ஃபிரெச்சாரோசா, ஸ்பெயினின் அதிவேக ரயில்கள், இரவு ரயில்கள் ஆகியவற்றில் ரிசர்வேஷன் கட்டாயம். பாஸ் வைத்திருப்பவரும் அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். பிரான்ஸ் உள்நாட்டு டிஜிவிக்கு ஓர் ஆளுக்கு 10 முதல் 20 யூரோ, யூரோஸ்டாருக்கு 30 யூரோவுக்குக் குறையாது. இதைவிடப் பெரிய சிக்கல், டிஜிவியிலும் யூரோஸ்டாரிலும் பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கும் இடங்கள் குறைவு. அவை தீர்ந்துவிட்டால் ரயிலில் பாதி காலியாக இருந்தாலும் முழு விலை டிக்கெட் எடுத்துத்தான் ஏற முடியும். நம் ஊர்போலக் காத்திருப்போர் பட்டியலோ ஆர்ஏசியோ அங்கே கிடையாது. இத்தாலியின் தனியார் ரயிலான இத்தாலோவிலும், பிரான்ஸின் மலிவு ரயிலான வீகோவிலும் பாஸே செல்லாது.

அதனால் திட்டத்தைப் பாஸிலிருந்து தொடங்கக் கூடாது. எங்கே எத்தனை இரவு என்று எழுதி, ஒவ்வொரு நகர மாற்றத்துக்கும் எந்த ரயில், எத்தனை மணி நேரம், ரிசர்வேஷன் கட்டாயமா என்று பக்கத்தில் குறித்த பிறகுதான் பாஸா தனி டிக்கெட்டா என்ற கேள்விக்கு வர வேண்டும்.

நம்மவர்கள் அதிகம் விரும்பும் பாதையையே எடுத்துக்கொள்வோம். பாரிஸ் 3 இரவு, லூட்செர்ன் 3, ஃபிளாரன்ஸ் 2, ரோம் 3, ரயிலில் ஓர் இரவு, வியன்னா 3. மொத்தம் 15 இரவு, ஐந்து ஊர். விமானம் பாரிஸில் இறங்கி வியன்னாவிலிருந்து திரும்ப வேண்டும். வந்த ஊருக்கே திரும்பும் டிக்கெட் எடுத்தால் ஒரு முழு நாளும் ஒரு நீண்ட ரயில் கட்டணமும் வீண். பாரிஸிலிருந்து பாசெல் 3 மணி நேரம், அங்கே மாறி லூட்செர்ன் 1 மணி நேரம். லூட்செர்னிலிருந்து 57 கிலோமீட்டர் கோத்தார்ட் சுரங்கம் வழியாக மிலானுக்கு மூன்றரை மணி நேரம் போல, அங்கிருந்து ஃபிளாரன்ஸ் 2 மணி நேரம். ஃபிளாரன்ஸ்–ரோம் ஒன்றரை மணி நேரம். ரோமிலிருந்து மாலை கிளம்பும் நைட்ஜெட் என்ற இரவு ரயில் மறுநாள் காலை வியன்னா. ஆக 15 இரவில் ரயில் நாள் நான்கே. இதே 15 இரவில் ஆம்ஸ்டர்டாம், வெனிஸ், ப்ராக் எல்லாவற்றையும் சேர்த்து ஒன்பது ஊர் போடுகிறவர்கள் உண்டு. ஒரு ஊர் மாறுவதென்றால் அறையைக் காலி செய்வது, பெட்டி இழுப்பது, ரயில் நேரம், புது அறையில் மூன்று மணிக்கு மேல் சாவி வாங்குவது என்று ஐந்தாறு மணி நேரம் போய்விடும். எங்குமே இரண்டு இரவுக்குக் குறைய வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

இப்போது பாஸ் கணக்குக்கு வருவோம். மேலே சொன்ன பாதையில் பாரிஸ்–பாசெல் ரயிலுக்கு ரிசர்வேஷன் கட்டாயம். சுவிட்சர்லாந்திலிருந்து இத்தாலிக்குள் போகும் ரயிலுக்குக் கட்டாயம். இத்தாலிய அதிவேக ரயிலுக்குக் கட்டாயம். நைட்ஜெட் படுக்கைக்குக் கட்டாயம். ஒரு மாதத்துக்குள் 4 நாள் பயணிக்கும் பாஸ் எடுத்தாலும் நான்கு நாளும் மேற்கொண்டு பணம் கட்ட வேண்டும். பாஸ் விலையை நாள் எண்ணிக்கையால் வகுத்து, அந்தந்த நாளின் ரிசர்வேஷன் தொகையைக் கூட்டுங்கள். அந்தத் தொகையை அதே ரயிலின் முன்பதிவுச் சலுகைக் கட்டணத்தோடு ஒப்பிடுங்கள். ஃபிளாரன்ஸ்–ரோம் போன்ற குறுகிய இத்தாலிய ஓட்டத்துக்குப் பாஸின் ஒரு நாளைச் செலவழிப்பது பெரும்பாலும் நஷ்டமே. மாறாக ஆம்ஸ்டர்டாம், கொலோன், பெர்லின், ப்ராக், வியன்னா, சால்ஸ்பர்க், சூரிச் என்று ஒரு சுற்று போனால் அநேகமாக எந்த ரயிலிலும் கட்டாய ரிசர்வேஷன் கிடையாது. நினைத்த ரயிலில் ஏறலாம், நடுவில் ஓர் ஊரில் இறங்கி மதியம் சாப்பிட்டுவிட்டு அடுத்த ரயில் பிடிக்கலாம். பாஸ் அதன் விலைக்கு உழைப்பது இந்த மாதிரிப் பாதையில்தான்.

பாஸின் ஒரு நாள் என்பது அந்த ஊர்க் கடிகாரப்படி நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. இரவு ரயிலுக்குக் கிளம்பும் நாள் மட்டுமே கழியும். ஆனால் நள்ளிரவு தாண்டி வேறு ரயிலுக்கு மாறினால் இன்னொரு நாளும் கழியும். கைபேசிப் பாஸில் ஏறும் முன்பே அந்த ரயிலை உங்கள் பயணப் பட்டியலில் சேர்த்து அன்றைய நாளைச் செயல்படுத்த வேண்டும். செய்யாமல் ஏறினால் டிக்கெட் இல்லாமல் ஏறியதாகவே கருதுவார்கள். செயலி மூன்று நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தோடு இணைய வேண்டும் என்பதால் டேட்டா வசதியுள்ள சிம் அவசியம். 12 முதல் 27 வயதுக்காரர்களுக்கும் 60 வயது நிறைந்தவர்களுக்கும் விலைச் சலுகை உண்டு. ஒரு பெரியவரோடு 4 முதல் 11 வயதுள்ள இரண்டு குழந்தைகளுக்குப் பாஸ் இலவசம். ஆனால் ரிசர்வேஷன் கட்டாயமான ரயிலில் அந்தக் குழந்தைகளுக்கும் இடத்துக்கான பணம் கட்ட வேண்டியிருக்கும். லண்டனிலோ பாரிஸிலோ குடியிருக்கும் உறவினர் உங்களோடு சேர்ந்து பயணித்தால் அவர் வாங்க வேண்டியது ஐரோப்பாவில் குடியிருப்பவர்களுக்கான இன்டர்ரெயில் பாஸ், நீங்கள் வாங்க வேண்டியது யூரெயில். இன்டர்ரெயிலில் அவர் தன் சொந்த நாட்டுக்குள் வெளியே போக ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள் மட்டுமே பயன்படுத்த முடியும். பாரிஸ்வாசி உங்களோடு பிரான்ஸ் முழுக்கச் சுற்ற முடியாது.

சுவிட்சர்லாந்தின் மலை ரயில்கள் இன்னொரு தனிக் கணக்கு. யூரெயில் இன்டர்லாக்கன் ஓஸ்ட் வரை செல்லும். அங்கிருந்து மேலே கிரிண்டல்வால்டு, யுங்ஃபிராவ்யோக் போகும் தனியார் ரயில்களில் 25 சதவீதத் தள்ளுபடி மட்டுமே. சுவிஸ் டிராவல் பாஸ் கிரிண்டல்வால்டு, வெங்கன் வரை செல்லும். ஏரிப் படகும் நகரப் பேருந்தும் அதிலேயே அடக்கம். லூட்செர்ன் பக்கத்து ரிகி மலை ரயிலுக்கும் அதிலேயே போய்வரலாம். மூன்று நாளுக்கு மேல் அந்த நாட்டுக்குள்ளேயே சுற்றுகிறவர்கள் இதைத்தான் முதலில் விலை பார்க்க வேண்டும்.

விசா விஷயத்தில் நடக்கும் தவறு எல்லாவற்றிலும் கொடியது. முதலில் இறங்கும் நாட்டின் தூதரகத்தில்தான், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். எல்லா நாட்டிலும் சம நாள் என்றால்தான் முதலில் நுழையும் நாடு. மேலே சொன்ன பாதையில் பாரிஸில் இறங்கினாலும் பிரான்ஸில் 3 இரவு, இத்தாலியில் 5 இரவு. ஆகவே விண்ணப்பம் இத்தாலிக்கு. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பு கொடுத்தாக வேண்டும். முடிவுக்கு 15 நாள் என்பது விதி, 45 நாள் வரை நீளலாம். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 வயது முதல் 12 வயது ஆகாத குழந்தைகளுக்கு 45. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். நடுவில் யூரோஸ்டாரில் லண்டன் போய்த் திரும்புவதானால் பிரிட்டன் விசா தனி. அதோடு ஷெங்கன் விசாவும் இரண்டாம் முறை நுழைய அனுமதிக்கும் விசாவாக இருக்க வேண்டும். ஒரே ஒரு நுழைவுக்கான விசாவோடு லண்டன் போனால் பாரிஸுக்குத் திரும்ப வழியில்லை. ஷெங்கன் நாடுகளுக்கு இடையே எல்லைச் சோதனை கிடையாது என்பதையும் முழுக்க நம்ப வேண்டாம். ஜெர்மனி 2024 செப்டம்பர் முதல் தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது. பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் அடியில் வைக்காமல் கையோடு வைத்திருங்கள்.

விசா வருமுன் பணம் திரும்பாத டிக்கெட் வாங்கலாமா? கூடாது. ஆனால் விசா வரும்வரை சும்மா இருந்தால் சலுகை டிக்கெட் தீர்ந்துவிடும். இந்தச் சிக்கலுக்கு ஒரே வழி, விண்ணப்பத்தை முன்கூட்டியே, நான்கைந்து மாதத்துக்கு முன்பே கொடுப்பது. அதுவரை ரத்து செய்யக்கூடிய ஓட்டல் அறையும் ரயில் எண்களோடு கூடிய அட்டவணையும் தயாராக இருக்கட்டும். ஜெர்மன் ரயிலில் சூப்பர் ஷ்பார்ப்ரைஸ் என்ற மிக மலிவு டிக்கெட்டை ரத்து செய்ய முடியாது. இத்தாலியின் சூப்பர் எகானமியும் அப்படியே. அங்கேயே பேஸ் என்ற வகை விலை கூடுதல், ஆனால் தேதி மாற்றிக்கொள்ளலாம். பெரும்பாலான நாடுகளில் விற்பனை மூன்று முதல் ஆறு மாதம் முன்பு திறக்கும். டிசம்பர் பயணத்துக்குத் தேடுகிறவர்கள் ரயிலே இல்லை என்று பதறுவதுண்டு. ஐரோப்பா முழுவதும் ஆண்டுதோறும் டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை நள்ளிரவோடு புது ரயில் அட்டவணை அமலாகிறது. அது வெளியாகும்வரை அதற்குப் பிந்தைய ரயில்கள் தேடலில் வராது. பழைய காணொளியைப் பார்த்துத் திட்டமிடுவதும் இதனால்தான் ஆபத்து. 2021 டிசம்பரில் தொடங்கிய பாரிஸ்–வியன்னா நைட்ஜெட் 2025 டிசம்பரோடு நின்றுவிட்டது. அதைப் புகழும் காணொளிகள் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

டிக்கெட்டில் ஊர்ப் பெயரை மட்டும் பார்க்காமல் நிலையப் பெயரைப் பாருங்கள். பாரிஸில் லண்டன், பிரஸ்ஸல்ஸ் ரயில்களுக்கு கார் து நோர் (கார் என்றால் பிரெஞ்சில் நிலையம்). ஸ்ட்ராஸ்பர்க், ஃபிராங்ஃபர்ட் பக்கம் கார் து லெஸ்ட். சுவிட்சர்லாந்து, மிலான், பார்சிலோனா என்றால் கார் து லியோன். நோரிலிருந்து லெஸ்ட்டுக்குப் பத்து நிமிட நடை. நோரிலிருந்து லியோனுக்கு ஆர்இஆர் டி ரயிலில் இரண்டே நிறுத்தம், ஆனாலும் படி, கூட்டம், டிக்கெட் எந்திரம் எல்லாம் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம் விடுங்கள். வெனிஸில் தீவுக்குள் இருப்பது சான்டா லூச்சியா. மெஸ்த்ரேயில் இறங்கினால் கால்வாய் கண்ணில் படாது. ரோமில் தெர்மினியா திபுர்தினாவா என்று பார்க்க வேண்டும். பெர்லினின் தலைமை நிலையமான ஹவுப்ட்பான்ஹோஃப் ஒரே கட்டடம்தான், ஆனால் 1 முதல் 8 வரை நடைமேடைகள் தரைக்குக் கீழே, 11 முதல் 16 வரை மாடியில்.

பெயர்களும் மொழிக்கு மொழி மாறும். பெல்ஜியத்தின் லியேஜ் நகரம் டச்சுப் பலகையில் லௌக், ஜெர்மன் பலகையில் லுட்டிக். வியன்னா அந்த ஊரில் வீன், ஃபிளாரன்ஸ் ஃபிரென்ஸே. இத்தாலியில் மொனாகோ என்று பலகையில் கண்டால் அது கடலோரக் குட்டி நாடு என்று முடிவு கட்டாதீர்கள். ம்யூனிக் நகரத்துக்கும் இத்தாலியர்கள் வைத்திருக்கும் பெயர் மொனாகோதான். டிக்கெட்டில் அச்சான பெயரை அப்படியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, இத்தாலி நிலையங்களில் ஒட்டியிருக்கும் மஞ்சள் தாள் புறப்பாடு, வெள்ளைத் தாள் வருகை.

இணைப்பு ரயில்களில் எங்கே எவ்வளவு இடைவெளி விடுவது என்பதில்தான் பெரும்பாலான திட்டங்கள் உடைகின்றன. சுவிட்சர்லாந்தில் 8 நிமிட இடைவெளி சாதாரணம், அதை நம்பலாம். ஜெர்மனியில் அப்படி நம்பக் கூடாது. 2024-இல் ஜெர்மனியின் நீண்டதூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான், அதிலும் ஆறு நிமிடத்துக்குக் குறைந்த தாமதத்தை அவர்கள் தாமதமாகவே கணக்கில் எடுப்பதில்லை. தண்டவாளங்கள் பழையவை, ரயில்களோ நெருக்கமாக ஓடுகின்றன. ஒன்று தாமதமானால் பின்னால் வருபவை எல்லாம் சிக்கிக்கொள்ளும். அதற்காக முக்கியப் பாதைகளை மாதக்கணக்கில் மூடிப் பழுது பார்க்கிறார்கள். 2025 ஆகஸ்டில் பெர்லின்–ஹாம்பர்க் பாதையை அப்படித்தான் மூடினார்கள். தாமதமாக வரும் ஜெர்மன் ரயிலைச் சுவிஸ்காரர்கள் பாசெலோடு நிறுத்திவிடுவதும் உண்டு. ஜெர்மனியில் மாறுவதானால் 40 நிமிடம், அன்றைய கடைசி ரயிலைப் பிடிப்பதானால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடுங்கள். கடைசி ரயிலை நம்பியே திட்டம் போடாமல், அதற்கு முந்தைய ரயிலைப் போடுங்கள்.

முழுப் பயணத்தையும் கூடுமானவரை ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். முதல் ரயில் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், ஒரே டிக்கெட் என்றால் அடுத்த ரயிலில் ஏற்றிவிடுவது ரயில்வேயின் பொறுப்பு. மலிவு என்று இரண்டு இணையதளங்களில் தனித்தனியாக வாங்கியிருந்தால் இரண்டாவது டிக்கெட்டின் பணம் உங்களுடையது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021/782 என்ற விதி 2023 ஜூன் 7 முதல் அமலில் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் 50 சதவீதம் திரும்பக் கேட்கலாம். கடும் புயல், வெள்ளம் போன்ற காரணங்களுக்கு இது பொருந்தாது. கேட்பதற்கு மூன்று மாதமே அவகாசம். நம்மவர்கள் ஊருக்கு வந்து பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள் அது போய்விடுகிறது. அங்கேயே இணையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். விமானத்தில் இறங்கும் நாளில் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும் சலுகை டிக்கெட் வேண்டாம். 2025 அக்டோபர் 12 முதல் விரல்ரேகையும் முகப்படமும் பதியும் புதிய எல்லைப் பதிவு தொடங்கியிருப்பதால் குடியேற்ற வரிசை எவ்வளவு நீளும் என்று சொல்ல முடியாது.

வேலைநிறுத்தம் பிரான்ஸிலும் இத்தாலியிலும் சாதாரண விஷயம். இத்தாலியில் முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் செய்வார்கள். வார நாளில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை உள்ளூர் ரயில்கள் ஓடியே ஆக வேண்டும் என்ற ஏற்பாடும் உண்டு. மலைப் பாதையில் மண்சரிவும் நினைவில் இருக்கட்டும். 2023 ஆகஸ்டில் பிரெஞ்சு ஆல்ப்ஸில் சரிந்த பாறையால் பாரிஸ்–மிலான் நேரடி ரயில் 2025 மார்ச் இறுதி வரை ஓடவில்லை.

பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கூலி ஆள் கிடையாது, படி ஏறுவதும் மேலே தூக்கி வைப்பதும் நீங்கள்தான். ஒருவருக்கு ஒரு நடுத்தரப் பெட்டி, ஒரு முதுகுப்பை போதும். டிஜிவியில் பெரிய பெட்டி இரண்டுக்கு மேல் கூடாது, ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு இருக்க வேண்டும். மீறினால் 50 யூரோ அபராதம். அதன் கதவு புறப்படுவதற்கு 2 நிமிடம் முன்பே மூடிவிடும். லண்டன் யூரோஸ்டாரில் விமான நிலையம்போல் சோதனை உண்டு, நுழைவு 30 நிமிடம் முன்பே முடியும். டிக்கெட்டில் போட்ட கோச்சில்தான் ஏற வேண்டும். சில ரயில்கள் வழியில் இரண்டாகப் பிரியும்; பெர்லினிலிருந்து வரும் ஐசிஇ ரயில்கள் பல ஹம் நிலையத்தில் பிரிந்து பாதி ஒரு பக்கமும் பாதி இன்னொரு பக்கமும் போகின்றன. இரவு ரயில்களிலும் இதுவே வழக்கம். இத்தாலியில் உள்ளூர் ரயிலின் காகித டிக்கெட்டை ஏறும் முன் நடைமேடை எந்திரத்தில் முத்திரை குத்த மறந்தால் டிக்கெட் இருந்தும் அபராதம்.

நமக்கே உரிய ஒரு சிக்கல் பெயர். நம் பாஸ்போர்ட் பலவற்றில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும். ரயில் இணையதளங்களோ இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் விடாது. இனிஷியலைப் போடாதீர்கள். முதல் பெயர் இடத்தில் இரண்டு சொல் இருந்தால் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகவும், ஒரே சொல் என்றால் அதையே இரண்டு கட்டத்திலும் எழுதுங்கள். பாஸ், டிக்கெட், காப்பீடு மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். பரிசோதகர் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார். வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை கிளம்பும் முன்பே திறந்திருக்க வேண்டும். ஓடிபி வரும் இந்திய சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள். இல்லாவிட்டால் கையில் பணம் இருந்தும் ரிசர்வேஷன் எடுக்க முடியாது.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது நகரப் பெயரோடு நிலையப் பெயரையும், ஒவ்வொரு ரயிலுக்கும் ரிசர்வேஷன் கட்டாயமா இல்லையா என்பதையும், அந்த விவரம் எந்த மாதம் சரிபார்க்கப்பட்டது என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள். பாஸ் விலையைப் போடும் இடத்திலேயே ரிசர்வேஷன் தொகையும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர்கள்,
திருச்சிராப்பள்ளி